குளோசிங்குக்கு முன் தேடல்கள்: கேமன், பிவிஐ, ஜெர்சி. எந்தப் பதிவேடு எதைச் சொல்லாது?

இளம்பரிதி

குளோசிங் (கையெழுத்தாகிப் பணம் கைமாறும் கட்டம்) நெருங்கும் ஒரு கடனின் கட்டமைப்பு இதுதான். கடன் வாங்குவது கேமன் எக்ஸெம்ப்டட் கம்பெனி. அதன் கீழே 100 சதவீதமும் அதற்கே சொந்தமான ஒரு பிவிஐ (பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள்) கம்பெனி. அந்தப் பங்குகளின் மேல் கேமன் கம்பெனி பிணை தருகிறது. பிவிஐ கம்பெனி கடனுக்கு உத்தரவாதமும், எல்லாச் சொத்துகள் மேலும் டிபெஞ்சரும் (பிணைப் பத்திரம்) தருகிறது. குழுமத்தில் ஒரு ஜெர்சி கம்பெனியும் உத்தரவாதி. கடன் தரும் வங்கி (எங்கள் தரப்பு) சிங்கப்பூரில். பணம் விடுவிப்பு திங்கள் காலை 10 மணி, சிங்கப்பூர் நேரம்.

முன்நிபந்தனைப் பட்டியலில் ஒவ்வொரு கம்பெனிக்கும் நான்கு வரிகள்: கம்பெனி தேடல், நீதிமன்றத் தேடல், குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் (கம்பெனி ஒழுங்கான நிலையில் உள்ளது என்பது), இன்கம்பன்சி சான்றிதழ் (இயக்குநர், பங்குதாரர் யார் யார் என்பது). நான்கும் ஒன்றையேதானே சொல்கின்றன என்று கடன் வாங்குபவர் தரப்பு கேட்கிறது. குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் மூன்று வாரத்துக்கு முன்பே வாங்கியாயிற்று, அதுவே போதும் என்கிறார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது?

தாழ்வாரம்

எதையும் விடாதீர்கள். நான்கும் நான்கு வேறு விஷயங்களைச் சொல்பவை.

கம்பெனி தேடல் என்பது பதிவாளரிடம் என்ன தாக்கலாகியிருக்கிறது என்பது மட்டும். நீதிமன்றத் தேடல் என்பது நீதிமன்றப் புத்தகத்தில் என்ன ஏறியிருக்கிறது என்பது. குட் ஸ்டாண்டிங் பெரும்பாலும் கட்டணக் கணக்கு. இன்கம்பன்சி சான்றிதழ் பதிவாளர் தருவதில்லை. கம்பெனியின் உள்ளூர்ப் பதிவு முகவர் தன் கோப்பைப் பார்த்துத் தருவது. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

கேமனை எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ்களுக்கு (சொத்தின் மேல் கொடுக்கும் பிணை உரிமைகளுக்கு) பொதுப் பதிவேடு அங்கே கிடையாது. கம்பெனிகள் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி அடமான, சார்ஜ் பதிவேட்டைக் கம்பெனியே தன் பதிவு அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். பங்குதாரரும் கடன் கொடுத்தவரும் பார்க்கலாம்; நீங்கள் இன்னும் கடன் கொடுக்காதவர், ஆகவே கம்பெனி சொல்லித்தான் பதிவு அலுவலகம் உங்களுக்குக் காட்டும். அதில் எழுதாமல் விட்டால் கம்பெனிக்குத் தண்டம் உண்டு, ஆனால் எழுதாத பிணை செல்லாமல் போவதில்லை. பதிவேடு வெறுமையாக இருப்பதால் பிணையே இல்லை என்று கேமனில் முடிவு கட்ட முடியாது. பதிவாளரின் இணையத் தேடலில் கிடைப்பது பெயர், வகை, நிலை, பதிவு அலுவலகம், தற்போதைய இயக்குநர்களின் பெயர்கள், ஏறக்குறைய அவ்வளவே.

பிவிஐ நேர்மாறு. கம்பெனி தன்னிடம் சார்ஜ் பதிவேடு வைக்க வேண்டும் (162ஆம் பிரிவு). கூடவே பதிவாளரிடமும் சார்ஜைப் பதியலாம் (163). பதிவாளரிடம் பதிவது கட்டாயமில்லை, ஆனால் முன்னுரிமை அந்தப் பதிவைத்தான் பார்க்கிறது (166). பதிந்த சார்ஜ், பின்னால் பதிந்ததையும் பதியாததையும் முந்தும். அதனால் பிவிஐ தேடல் அறிக்கையில் சார்ஜ் பகுதியைத்தான் முதலில் திறந்து படிக்க வேண்டும்.

கோப்புக்கட்டு

தாழ்வாரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் கட்டமைப்பில் அதிகம் தவறுவது இங்கேதான்.

பிவிஐ கம்பெனியின் சார்ஜ் பதிவில் தேடினால் அந்தக் கம்பெனி கொடுத்த சார்ஜ்கள் தெரியும். அந்தக் கம்பெனியின் பங்குகள் மேல் வேறொருவர் கொடுத்த பிணை தெரியாது. உங்கள் பங்குப் பிணையைத் தருவது கேமன் கம்பெனி. அது பிவிஐ கம்பெனி அல்ல, 163ஆம் பிரிவுப் பதிவு அதற்குப் பொருந்தாது. முந்தைய கடன்காரர் (முன்பு கடன் கொடுத்தவர்) அதே பங்குகளின் மேல் பிணை வாங்கியிருந்தால், தேடல் அறிக்கை அப்போதும் துப்புரவாகவே வரும். அதைப் பார்த்துவிட்டு பங்குகள் வில்லங்கமற்றவை என்று குறிப்பெழுதியவர்கள் பலர்.

அதற்குப் பார்க்க வேண்டியது பங்குதாரர் பதிவேடு. பிவிஐ சட்டத்தின் 66(8) பிரிவு, பங்குகள் அடமானம் அல்லது சார்ஜில் இருக்கின்றன என்ற வாசகத்தையும், பிணை பெற்றவர் பெயரையும், அந்த விவரம் பதிவேட்டில் ஏறிய தேதியையும் அதில் குறிக்க இடம் தருகிறது. 2025 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி பங்குதாரர் பதிவேட்டைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தாலும், கம்பெனி விரும்பினால் ஒழிய அது பொதுப் பார்வைக்கு வராது. ஆகவே பதிவு முகவர் சான்றளித்த நகலை அவரிடமிருந்தே வாங்குங்கள். குளோசிங் முடிந்ததும் உங்கள் வங்கியின் பெயர் குறித்த புது நகலையும் அதே முகவரிடமிருந்து வாங்குங்கள்.

கேமன் கம்பெனியின் சொந்த சார்ஜ் பதிவேட்டில் (54ஆம் பிரிவு) பழைய பங்குப் பிணை இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த வேலை. பிவிஐ பங்குக்குப் பிணை கொடுப்பவர் கேமன்காரர் என்பதால், தடயம் இரண்டு தீவுகளில் பிரிந்து கிடக்கும்.

இளம்பரிதி

இது பட்டியலில் இல்லவே இல்லை. சேர்த்துவிட்டேன்.

பிவிஐ தேடலில் ஒரு பழைய மிதக்கும் சார்ஜ் (மாறிக்கொண்டே இருக்கும் சொத்துத் தொகுதியின் மேலான பிணை) வந்திருக்கிறது. கடன் அடைந்துவிட்டது, சார்ஜ் விடுவிப்பு தாக்கலாகவில்லை என்கிறார்கள். நம் டிபெஞ்சரில் நிலையான சார்ஜ் (குறிப்பிட்ட சொத்தின் மேலான பிணை) இருப்பதால் அது நமக்குப் பின்னால்தானே நிற்கும்?

தாழ்வாரம்

அந்த நம்பிக்கையில் பணத்தை விடாதீர்கள். பதிந்த மிதக்கும் சார்ஜ், பின்னால் பதியும் நிலையான சார்ஜுக்குப் பின்னால் போகும் என்பது பொது விதி. ஆனால் அந்த மிதக்கும் சார்ஜ் ஆவணத்திலேயே இனிச் சமமாகவோ முந்தியோ சார்ஜ் கொடுக்கக்கூடாது என்ற தடை இருந்தால் விதி மாறும். வங்கிகள் எழுதும் டிபெஞ்சரில் அந்தத் தடை இல்லாமல் இருப்பது அபூர்வம். பதிவு விவரத்தில் தடை குறித்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆவண நகலைக் கேளுங்கள்.

சரியான வழி, பழைய கடன்காரரின் கையெழுத்திட்ட விடுவிப்புப் பத்திரம், பதிவாளரிடம் சார்ஜ் நிறைவு அறிவிப்பு, அதன்மேல் பதிவாளர் தரும் சான்று. குளோசிங்குக்கு முன் மூன்றாவது கைக்கு வராவிட்டால், முதல் இரண்டும் கையெழுத்தாகி உங்கள் பிவிஐ வக்கீலின் கையில் இருக்க வேண்டும், தாக்கல் செய்யும் அதிகாரத்தோடு. அடைத்துவிட்டோம் என்ற மின்னஞ்சல் விடுவிப்பு ஆகாது.

நிலுவை

எல்லோரும் சார்ஜையே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது முதல் பதிவில் உள்ள ‘திங்கள் காலை 10 மணி, சிங்கப்பூர் நேரம்’.

கேமன் சிங்கப்பூருக்கு 13 மணி நேரம் பின்னால், பிவிஐ 12 மணி நேரம். உங்கள் திங்கள் காலை 10 மணி, கேமனில் ஞாயிறு இரவு 9. ஜெர்சியில் அதிகாலை 2 அல்லது 3, பருவத்தைப் பொறுத்து. அதாவது நீங்கள் காட்டக்கூடிய ஆகப் புதிய கேமன் தேடல் வெள்ளிக்கிழமையுடையது. வெள்ளி மாலை 5 மணிக்கு எடுத்தால்கூட, பணம் போகும்போது அது 52 மணி நேரம் பழையது.

இது ஏன் பெரிது? கேமனில் நீதிமன்றம் கலைப்பு ஆணை பிறப்பித்தால், கலைப்பு தொடங்கியதாகக் கொள்வது ஆணை வந்த நாளை அல்ல, மனு தாக்கலான நேரத்தை (100ஆம் பிரிவு). தொடங்கிய பிறகு நடந்த சொத்துக் கைமாற்றம், பங்கு மாற்றம் எல்லாம் நீதிமன்றம் ஏற்காவிட்டால் செல்லாது (99ஆம் பிரிவு). வெள்ளி மதியம் நீங்கள் தேடி, வெள்ளி மாலை மனு தாக்கலாகி, திங்கள் நீங்கள் பிணை வாங்கினால், அந்தப் பிணையின் தலையெழுத்து பின்னால் நீதிமன்றத்தின் கையில்.

இன்னொன்று. 2022 ஆகஸ்ட் 31 முதல் கேமனில் மறுசீரமைப்பு அதிகாரி நியமனத்துக்கான மனு (91பி) உண்டு. அதில் கம்பெனி மேலான வழக்கு, கலைப்பு நடவடிக்கைகளுக்கான தடை, மனு தாக்கலான கணத்திலேயே தானாக வந்துவிடுகிறது. பிணை வாங்கிக் கடன் கொடுத்தவர் தன் பிணையை அமலாக்குவதை அது தடுக்காது, ஆனால் கடன் வாங்குபவர் அந்த நிலையில் இருப்பதை அறியாமல் புதுப் பணம் கொடுப்பது வேறு விஷயம்.

பிவிஐயில் கலைப்பு தொடங்குவது கலைப்பாளர் நியமனத்தில், விண்ணப்பத்தில் அல்ல. பழைய தேடலின் ஆபத்து அங்கே கொஞ்சம் குறைவு. கொஞ்சம் என்றுதான் சொல்கிறேன். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைத் தெரிந்தே யாரும் பணம் கொடுக்கமாட்டார்கள்.

என் யோசனை: செவ்வாய் காலை 10 மணிக்கு மாற்றுங்கள். அப்போது கேமனில் திங்கள் இரவு 9. திங்கள் வேலைநேர முடிவில் எடுத்த தேடல் கையில் இருக்கும், இடைவெளி 4 மணி நேரம்தான். அதையும் ஒழிக்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் செவ்வாய் இரவு 10 மணி, அதாவது கேமன் செவ்வாய் காலை 9, நீதிமன்றம் திறந்ததும்.

அலைவாய்

நிலுவை சொன்ன கேமன் மனு விஷயத்தோடு தன்விருப்பக் கலைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் தீர்மானத்தோடு அது தொடங்கிவிடும். பதிவாளருக்கு அறிவிக்க 28 நாள் உண்டு. அந்த 28 நாளுக்குள் தேடினால் எதுவும் தெரியாது. இதற்குத் தேடல் மருந்தல்ல. இயக்குநர் சான்றிதழில் தனி வரியாகக் கேளுங்கள்: கலைப்புத் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை, அதற்கான கூட்டம் எதுவும் கூட்டப்படவில்லை என்று. தேதி, குளோசிங் நாள்.

வரம்பு

குட் ஸ்டாண்டிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று வாரப் பழசு ஏற்கலாமா என்பது எந்த மூன்று வாரம் என்பதைப் பொறுத்தது.

கேமனில் ஆண்டுக் கட்டணம் ஜனவரியில் வருகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டினால் 33.33 சதவீதம் தண்டம், ஜூலை முதல் செப்டம்பர் வரை 66.67, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 100. டிசம்பர் 20இல் வாங்கிய சான்றிதழை ஜனவரி 10 குளோசிங்கில் வைத்தால் அது போன வருடத்துக் கணக்கு. அந்த இடைவெளியில் குளோசிங் வந்தால், புது வருடக் கட்டணம் கட்டி, புதுச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள்.

பிவிஐயில் கட்டண எல்லைக்கோடுகள் இரண்டு: ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்த கம்பெனிகளுக்கு மே 31, ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவற்றுக்கு நவம்பர் 30. பிறந்த தேதி தேடல் அறிக்கையிலேயே இருக்கும். சான்றிதழ் தேதிக்கும் குளோசிங்குக்கும் நடுவே அந்த நாள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். 2023இலிருந்து பிவிஐ குட் ஸ்டாண்டிங் கட்டணத்தோடு முடிவதில்லை. இயக்குநர் பதிவேடு தாக்கலாகியிருக்க வேண்டும், ஆண்டு நிதி அறிக்கை பதிவு முகவரிடம் நிலுவையில் இருக்கக்கூடாது. நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் அது முகவரிடம் போக வேண்டும். கட்டணம் கட்டிய ரசீது கையில் இருந்தும் சான்றிதழ் மறுக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இளம்பரிதி

குழுமத்தில் இன்னொரு பிவிஐ கம்பெனி பதிவேட்டிலிருந்து பெயர்நீக்கம் ஆகியிருக்கிறது. பிறகு மீட்டுக்கொள்ளலாம், குளோசிங்குக்கு இடைஞ்சல் இல்லை என்கிறார்கள்.

வரம்பு

அது பழைய சட்டத்துப் பேச்சு. முன்பு பெயர்நீக்கம் ஒரு கட்டம், ஏழு ஆண்டுக்குப் பின் கலைப்பு இன்னொரு கட்டம். 2023 ஜனவரி 1 முதல் பெயர்நீக்க அறிவிப்பு அரசிதழில் வெளியான அன்றே கம்பெனி கலைந்ததாகிவிடும். கலைந்த கம்பெனியின் மிச்சச் சொத்து அரசுக்குப் போகும். அந்தக் கம்பெனி கையெழுத்திடும் எந்த ஆவணமும் இல்லாத ஆளின் கையெழுத்து.

ஐந்து ஆண்டுக்குள் மீட்கலாம், மீண்டால் கலையவே இல்லை எனக் கருதப்படும் என்பதும் உண்மை. ஆகவே அது உத்தரவாதியாகவோ சொத்து வைத்திருப்பதாகவோ இருந்தால் மீட்பு முதலில், கையெழுத்து பிறகு. எதிலும் இல்லாத வெற்றுக் கம்பெனி என்றால், அதனிடம் சொத்தே இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டமைப்பு வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

கரைமணல்

இன்கம்பன்சி சான்றிதழ் ஒன்றே போதாதா? இயக்குநர், பங்குதாரர், சார்ஜ், நிலை எல்லாம் ஒரே தாளில் வருகிறதே.

கோப்புக்கட்டு

ஒரே தாளில் வருகிறது, ஆனால் ஒரே ஆளுடைய கோப்பிலிருந்து. இயக்குநர் ஒருவர் போன வாரம் விலகி, அந்தக் கடிதம் முகவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், சான்றிதழ் பழைய இயக்குநரைத்தான் சொல்லும். முகவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருப்பதைச் சொல்கிறார். வழக்கைப் பற்றி அவர் சொல்லும் வரியும் ‘எங்கள் பதிவுகளின்படி’ என்றே தொடங்கும். நீதிமன்றத்துக்கு அவர் போய்ப் பார்க்கவில்லை.

இன்கம்பன்சியில் உள்ள இயக்குநர் பெயர்களைப் பதிவாளர் பட்டியலோடும், வாரியத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த வரிக்கு டிக் போடலாம். தீர்மானத்தில் இருந்து இன்கம்பன்சியில் இல்லாத பெயர் வந்தால், நியமனத் தீர்மானத்தைக் கேட்டுவிட்டு மறுபடி சான்றிதழ் வாங்குங்கள்.

அலைவாய்

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றத் தேடல் பெயரை வைத்து நடப்பது, கம்பெனி எண்ணை வைத்து அல்ல. அதனால் பழைய பெயர்கள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். பெயர் மாறுமுன் தொடுத்த வழக்கு பழைய பெயரிலேயே நிற்கலாம். சீன எழுத்தில் இரட்டைப் பெயர் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இரண்டு பெயரிலும். தனித்தனிப் பிரிவுகளாகச் சொத்தைப் பிரித்து வைக்கும் எஸ்பிசி கம்பெனியாக இருந்தால் பிரிவின் பெயரில் மட்டும் தேடுவது பயனற்றது; பிரிவுக்குத் தனிச் சட்ட ஆளுமை இல்லை, வழக்கு கம்பெனியின் பெயரில்தான் வரும்.

வேறு நாட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கம்பெனி என்றால் பழைய நாட்டிலும் சார்ஜ் தேடல், நீதிமன்றத் தேடல் இரண்டும் வேண்டும். இடம்பெயர்வுச் சான்றிதழ் தேடல் கோப்பில் கிடக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்துபவர்கள் கண்ணில் அது படாது.

நிலுவை

வியாபாரம் நடக்கும் ஊரை மறக்காதீர்கள். கேமன் கம்பெனியைக் கலைக்கும் மனு ஹாங்காங் நீதிமன்றத்திலும் சிங்கப்பூரிலும் வரலாம். கேமன் தேடல் அதைக் காட்டாது. நடுவர் மன்ற வழக்குகளோ எங்கேயும் தெரியாது, அதற்கு இயக்குநர் சான்றிதழ்தான்.

தாழ்வாரம்

ஜெர்சி பற்றி யாரும் பேசவில்லை, மூன்று செய்தி சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பிணை உரிமைப் பதிவேடு. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி 2014 ஜனவரி 2 முதல் இணையத்தில் இயங்குகிறது. பிணை கொடுத்தவர் பெயரில் தேடலாம். ஆனால் அதற்கு முந்தைய 1983 சட்டத்தின் கீழ் உருவான பிணைகள் அதில் வராது. கம்பெனி 2014க்கு முன்பே கடன் வாங்கியிருந்தால் தனியாகக் கேளுங்கள்.

இரண்டு, பங்குப் பத்திரத்தைக் கையில் வாங்கியோ கட்டுப்பாட்டின் மூலமாகவோ அந்தச் சட்டத்தில் பிணையை முழுமையாக்கலாம் (மற்றவர்களுக்கு எதிராகவும் செல்லும்படி செய்யலாம்), பதிவு இல்லாமலே. ஆகவே பதிவேடு வெறுமை என்பதோடு, மூலப் பங்குப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பதும் கேள்வி. ‘தொலைந்துவிட்டது’ என்ற பதில் வந்தால் நின்று விசாரியுங்கள்.

மூன்று, திவால் தேடல். டேசாஸ்டர் (ஜெர்சியின் திவால் நடைமுறை) அறிவிப்பு உண்டா என்று விஸ்கவுண்ட் (நீதிமன்றத்தின் நிர்வாக அதிகாரி) அலுவலகத்தில் கேட்பதோடு சிலர் நிறுத்திவிடுகிறார்கள். 2022 மார்ச் 1 முதல் கடன் கொடுத்தவரே கம்பெனியின் கலைப்புக்கு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க முடியும். எனவே நீதிமன்றப் பதிவகத்திலும் கேட்க வேண்டும்.

வரம்பு

இந்தக் கட்டமைப்புக்கு நேரடித் தொடர்பில்லை, ஆனாலும் பிணை ஆவணம் ஏதாவது நியூயார்க் சட்டத்தில் இருந்தால்: யுசிசி (அமெரிக்கச் சீரான வணிகச் சட்டம்) தேடலை வாஷிங்டன் டி.சி.யில் செய்யுங்கள். அமெரிக்காவில் உள்ளது போன்ற பொதுப் பதிவு முறை இல்லாத நாட்டுக் கம்பெனி டி.சி.யில் இருப்பதாக அந்தச் சட்டம் கருதுகிறது. தலைமை நிர்வாக அலுவலகம் ஒரு அமெரிக்க மாநிலத்தில் இருந்தால் அங்கேயும். டெலவேரில் மட்டும் தேடிவிட்டு கேமன் கம்பெனியிடம் எதுவும் இல்லை என்று எழுதுவது தவறு.

பங்காண்மை நிதியாக இருந்தால், கேமன் எக்ஸெம்ப்டட் லிமிடெட் பார்ட்னர்ஷிப்புக்குத் தனி ஆளுமை இல்லை. சொத்தை வைத்திருப்பதும் வழக்கில் நிற்பதும் பொதுப் பங்காளி. தேடல் இருவர் பெயரிலும். பொதுப் பங்காளி டெலவேர் கம்பெனியாக இருந்தால், டெலவேர் குட் ஸ்டாண்டிங் ஒன்று, கேமனில் வெளிநாட்டுக் கம்பெனியாகப் பதிந்ததற்கான குட் ஸ்டாண்டிங் இன்னொன்று.

இளம்பரிதி

மாற்றிய அட்டவணை இது, பிழை சொல்லுங்கள்.

பத்து வேலைநாள் முன்பு: மூன்று நாட்டிலும் முழுத் தேடல், பழைய பெயர்களோடு; பங்குதாரர் பதிவேடு, கேமன் சார்ஜ் பதிவேடு நகல்கள்; பழைய மிதக்கும் சார்ஜுக்கு விடுவிப்பு ஆவண வரைவு. ஐந்து நாள் முன்பு: குட் ஸ்டாண்டிங், இன்கம்பன்சி. வெள்ளி: எல்லாத் தேடலும் மறுபடி. குளோசிங் செவ்வாய் காலை 10. திங்கள் கேமன் மாலை நீதிமன்றத் தேடல் மட்டும். இயக்குநர் சான்றிதழ் செவ்வாய் தேதியில்.

நிலுவை

திங்கள் மாலை பிவிஐ சார்ஜ் தேடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னுரிமை அங்கே பதிவு நேரத்தைப் பார்க்கிறது; வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே வேறொருவர் பதிந்தால் அவர் முன்னால். உங்கள் டிபெஞ்சர் தாக்கலுக்கான விண்ணப்பம் கையெழுத்தாகி, கட்டணம் கட்டத் தயாராக, பிவிஐ வக்கீலிடம் திங்களே இருக்கட்டும். சிங்கப்பூர் காலை 10 அங்கே திங்கள் இரவு 10. பதிவகம் திறந்ததும் முதல் வேலையாகத் தாக்கலாக வேண்டும்.

ஒவ்வொரு தேடல் அறிக்கையிலும் தேதி மட்டுமல்ல, உள்ளூர் நேரமும் இருக்கச் சொல்லுங்கள். சட்டக் கருத்துரையில் ‘இந்த நேரத்துத் தேடல்களின் அடிப்படையில்’ என்ற வாசகம் வரும்; அறிக்கையில் நேரம் இல்லாவிட்டால் அந்த வாசகம் எதைச் சுட்டுகிறது என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

இளம்பரிதி

திங்கள் மாலைத் தேடலில் ஏதாவது வந்துவிட்டால்?

தாழ்வாரம்

பணம் நிற்கும். வந்தது என்ன என்பது அடுத்து. கலைப்பு மனு என்றால் நகல் வாங்கிப் படிக்காமல் எந்தப் பேச்சும் வேண்டாம். ‘தொகை சின்னது, இன்று கட்டிவிடுகிறோம்’ என்றாலும், கட்டிய பிறகு மனு முறைப்படி தள்ளுபடியானதற்கான ஆணை வரட்டும், வாபஸ் வாங்குகிறோம் என்ற கடிதம் போதாது. கடன் கொடுத்த வேறொருவர் அதே மனுவில் இடம்பிடித்து நடத்தலாம். சாதாரணப் பண வழக்கு என்றால் தொகை, எதிர்வாதம், கடன் ஒப்பந்தத்தில் வழக்கு வரம்பு எவ்வளவு என்று பார்த்துக் கடன் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெயர் ஒற்றுமை மட்டுமே என்றால், வேறு கம்பெனிதான் என்பதை நீதிமன்றக் கோப்பிலிருந்து உறுதிசெய்து வக்கீல் மின்னஞ்சலில் எழுதித் தரட்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பண விடுவிப்பு அறிவிப்பை வங்கியின் செயலாக்கப் பிரிவுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தால், அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம், எந்த மணி வரை என்று திங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.